கருவிக்கு முன் கல்லை அறிவோம்

பொன்னின் விலை ஏறுந்தோறும் பொன்னைத் தேடும் ஆசையும் ஏறுவது மனித சுபாவம். அதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆசையையே மூலதனமாக வைத்து, பூமிக்கடியில் எத்தனை அடி ஆழத்தில் தங்கம் இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும் என்ற வாக்குறுதியோடு, மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காட்டும் கருவிகள் இணையக் கடைகளிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் விலை கூறப்படுவதையும், அவற்றை நம்பிக் கடன் வாங்கியாவது ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டு, கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில் இறங்கினால் வாழ்வு மாறிவிடும் என்று எண்ணக்கூடிய இளைஞர்கள் நம்மிடையே இருப்பதையும் நினைக்கும்போது, இவ்விஷயத்தைப் பற்றி விவரமாகவும் பொறுப்போடும் எழுதவேண்டியது அவசியமாகிறது. சுரங்கத்துக்குள் பொன் தேட எந்தக் கருவி உகந்தது என்று கேட்பவருக்கு, எந்தச் சுரங்கம் என்றும், அதன் கல்லில் பொன் எந்த உருவத்தில் உறைகிறது என்றும் திருப்பிக் கேட்பதே நேர்மையான முதற் பதிலாகும். இந்த வரிசையை மாற்றிக் கருவியை முதலிலும் கல்லைப் பிற்பாடும் யோசிப்பவருக்குப் பணம் நஷ்டமாகும். சில சந்தர்ப்பங்களில் பிராணனும் நஷ்டமாகும்.

இக்கருவியின் தத்துவம் மிகவும் எளியது. கம்பிச் சுருள் ஒன்றில் மாறிக்கொண்டேயிருக்கும் மின்சாரத்தைச் செலுத்தினால் அதைச் சுற்றிக் காந்தப் புலம் ஒன்று எழுகிறது. அப்புலத்தில் உலோகத் துண்டு ஏதேனும் அகப்பட்டால், அதன் உடலுக்குள் சிறு சுழல் மின்னோட்டம் பிறந்து, அது தனக்கென்று ஒரு மெல்லிய காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த எதிரொலியைத்தான் கருவி ஓசையாக மாற்றி நம் காதில் சேர்க்கிறது. ஆகவே பொன் என்னும் பொருளின் பெருமையையோ மதிப்பையோ இக்கருவி அறியாது. மின்சாரம் சுழன்று ஓடுவதற்குப் போதுமான அளவில், தொடர்ச்சியாக அமைந்த உலோகத் துண்டு ஒன்று அருகில் இருக்கிறதா என்பதை மாத்திரமே அது அறியும்.

1881-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டு, குண்டு உடலுக்குள் எங்கே தங்கியிருக்கிறது என்பது விளங்காமல் வைத்தியர்கள் திகைத்தபோது, தொலைபேசியைக் கண்ட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவியைச் செய்து கொண்டுவந்து அவர் படுக்கையருகே பரிசோதித்தார். குண்டு அகப்படவில்லை, தலைமை வைத்தியர் உடலின் ஒரு பக்கத்தையே தேட அனுமதித்ததும், மெத்தைக்கு அடியில் இருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பியதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அந்தப் பரிசோதனையின் பாடம் சுரங்கத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும் இன்றும் பொருந்தும்: தேடும் இடத்தைத் தவறாக நிர்ணயித்தவருக்கும், சுற்றியிருக்கும் இரும்பைக் கணக்கில் சேர்க்காதவருக்கும் மிகச் சிறந்த கருவியும் உதவாது.

இனி, கல்லுக்குள் பொன் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டன் கல்லில் ஐந்து கிராம் பொன் கிடைக்குமானால் அது லாபம் தரத்தக்க சுரங்கம் என்று பல தேசங்களிலும் கருதப்படுகிறது. ஒரு டன் படிகக்கல் என்பது ஏறத்தாழ 72 சென்டிமீட்டர் நீள அகல உயரமுள்ள ஒரு கட்டி. அதில் இருக்கும் ஐந்து கிராம் பொன்னை முழுவதும் ஒன்றுதிரட்டினாலும் ஒரு பட்டாணியின் பருமனைத் தாண்டாது. அந்தப் பட்டாணியையும் மாவாக அரைத்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களாக, ஒன்றோடொன்று தொடாத வண்ணம் அக்கல் முழுவதும் இயற்கை தூவி வைத்திருக்கிறது. ஒவ்வொரு துகளிலும் எழும் சுழல் மின்னோட்டம் பிறந்த கணத்திலேயே மாய்ந்துவிடுவதால், இப்படிப்பட்ட கல்லின்மீது எத்தனை லட்ச ரூபாய் விலையுள்ள கருவியை வைத்தாலும் அது வாய் திறக்காது. கல்லில் பொன் இருப்பது உண்மை, கருவி மௌனமாக இருப்பதும் உண்மை; இரண்டுக்கும் முரண்பாடு இல்லை என்பதை உணர்ந்தவனே இத்துறையில் அடியெடுத்து வைக்கத் தகுதியுடையவன்.

அப்படியானால் இக்கருவியால் பொன்னே கண்டுபிடிக்கப்படவில்லையா என்று கேட்கலாம். கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, அதுவும் உலகம் வியக்கும்படியாக. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் பொன் பெரும் கட்டிகளாகவே மண்ணில் கிடந்தது. 1869-ல் மோலியாகுல் என்ற ஊரில் ஜான் டீஸன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவர், கருவி எதுவுமின்றி, நிலமட்டத்துக்குச் சற்றே கீழே எழுபது கிலோவுக்கு மேற்பட்ட பொற்கட்டியைக் கண்டெடுத்தார்கள். நூறாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1980-ல், அதே வட்டாரத்தில் கிங்கோவர் என்னும் ஊருக்கருகே, கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டரின் துணையால் 27 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கட்டி ஒன்று எடுக்கப்பட்டது. கருவிக்காரர்கள் விளம்பரங்களில் காட்டும் படங்கள் இத்தகைய நிலங்களின் படங்களே. ஆனால் இவை மேல்மண்ணில் கிடந்த கட்டிகளேயன்றி, சுரங்கத்தின் அடியாழத்துப் பாறைக்குள் இருந்தவை அல்ல.

சுரங்கத்துக்குள்ளேயே இக்கருவி பயன்பட்டதற்கும் உதாரணம் உண்டு. கலிபோர்னியாவில், அலிகேனி என்ற மலையூரில், 'ஸிக்ஸ்டீன் டு ஒன்' என்னும் பெயருடைய சுரங்கம் 1896-ல் தொடங்கப்பட்டு, இதுவரை பத்து லட்சம் அவுன்ஸுக்கு மேல் பொன் ஈந்திருக்கிறது. அங்கே பொன் சீராகப் பரவி இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான அடி தூரம் வெறும் வெண்கல்லாக ஓடும் பாறை நரம்பில், திடீரென்று ஓரிடத்தில், கைக்கு அகப்படும் திரளாக அது குவிந்து கிடக்கும். ஆகவே அங்குள்ள சுரங்கத் தொழிலாளர், ஒவ்வொரு முறை வெடி வைத்துப் புகை அடங்கியபின் புதிதாகத் திறந்த கல்முகத்திலும், பழைய பாதைகளின் இரு பக்கச் சுவர்களிலும் மெட்டல் டிடெக்டரைத் தடவிப் பார்த்து, ஓசை எழுந்த இடத்தை மட்டும் உடைக்கும் வழக்கத்தை மேற்கொண்டார்கள். முன்னோர் கைக்கெட்டும் தூரத்தில் விட்டுப் போன திரள்கள் சில அவ்வாறு அகப்பட்டன. அப்போதும் அவர்கள் கண்மூடித்தனமாகத் தடவவில்லை. பொன் திரளுக்கு அருகில் ஆர்ஸனோபைரைட் என்னும் கனிமத்தின் படிகங்கள் தோன்றுவது அவ்வட்டாரத்தின் இயல்பு என்பதைத் தலைமுறை அனுபவத்தால் அறிந்து, அந்த அடையாளம் கண்ட இடத்தில்தான் நிதானித்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கம்பால்டா அருகே, 2018 செப்டம்பரில், ஏறக்குறைய 500 மீட்டர் ஆழத்தில் ஒரே சிறு இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான அவுன்ஸ் பொன் படிகக்கல்லோடு பிணைந்த பாளங்களாக வெளிவந்ததும் இந்த வகையைச் சேர்ந்த அதிசயமே. பொன் திரண்டு நிற்கும் இத்தகைய கல்லே கருவிக்கு ஏற்ற கல்.

நம் பக்கத்துக் கல் எப்படிப்பட்டது என்பதை இப்போது பார்க்கவேண்டும். நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர் வட்டாரத்தில் ஓடைமணலை மரத்தட்டில் அரித்துப் பொன் எடுக்கும் வழக்கம் பழங்குடி மக்களிடையே நெடுங்காலமாக இருந்தது. அதைக் கண்ட தோட்டத் துரைமார்கள் மூலப் பாறையில் குபேர சம்பத்து இருக்கவேண்டும் என்று யூகித்தார்கள். 1879-ல் இந்திய சர்க்கார், விக்டோரியாவின் சுரங்க இலாகாவில் உயர்ந்த பதவி வகித்துப் புகழ் பெற்ற ராபர்ட் ப்ரோ ஸ்மித் என்பவரை வரவழைத்து அறிக்கை கேட்டது. பொற்கட்டிகளின் தேசத்திலிருந்து வந்த அவர் நம்பிக்கை மிகுந்த அறிக்கை ஒன்றைத் தந்தார். லண்டன் நகரத்தில் கம்பெனிகள் பல வரிசையாகப் பிறந்தன; லட்சக்கணக்கான பவுன் மூலதனம் திரண்டது; மலைப்பாதைகளில் ஆலை இயந்திரங்கள் ஏற்றிக் கொண்டுவரப்பட்டன. கல்லை இடித்துப் பார்த்தபோது டன்னுக்குச் சில கிராம்களே தேறின. சில ஆண்டுகளுக்குள் அந்தக் கம்பெனிகளில் பெரும்பாலானவை சரிந்தன. பங்குதாரர்களின் பணம் தேவாலாவின் காடுகளில் துளைகளாக எஞ்சியது. விக்டோரியாவில் பெற்ற அனுபவத்தைத் தேவாலாவின் கல்லுக்கு அப்படியே பிரயோகித்ததுதான் அந்தப் பிழையின் வேர் என்று நான் கருதுகிறேன். விக்டோரியாவின் மண்ணுக்காக வடிவமைக்கப்பட்ட கருவியை வாங்கிக்கொண்டு அதே துளைகளில் இன்று ஒருவர் இறங்குவாரானால், அவர் அதே பிழையைச் சிறிய அளவில் மறுபடியும் செய்கிறார்.

கோலார் தங்கவயலின் சரித்திரமோ வேறு விதமானது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தபின் அங்கே உண்மையிலேயே செழுமையான கல் அகப்பட்டது. தொடக்க காலத்தில் டன்னுக்கு ஓர் அவுன்ஸுக்கும் மேல் பொன் கிடைத்தது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அந்த இருளில் உழைத்தார்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. ஏறத்தாழ 800 டன் பொன் ஈந்தபின், கல்லின் செழுமை குன்றி, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு பாரத் கோல்ட் மைன்ஸ் சுரங்கங்கள் மூடப்பட்டன. இவ்வளவு பொன்னையும் வழிகாட்டிக் கொடுத்தது எது? குறிப்பிட்ட இடைவெளிகளில் சுவரைச் சீராகக் கீறி எடுத்த மாதிரிக் கற்கள், அவற்றைப் பொடித்து ஈயத்தோடு உருக்கிப் புடமிட்டு எடை கண்ட ரசாயனப் பரிசோதனை, அந்த எண்களை வரைபடத்தில் குறித்து நரம்பின் போக்கைக் கணித்த பொறியியலாளரின் அறிவு, அந்த அறிவுக்குத் தோள் கொடுத்த தொழிலாளியின் உழைப்பு ஆகியவையே. கண்ணுக்குத் தெரியும் பொன் அங்கங்கே இருந்தபோதிலும், பெரும்பகுதி நுண்துகளாகவே இருந்ததால்தான் கல்லை மாவாக இடிக்கும் ஆலைகளும், பின்னர் சயனைடுத் தொட்டிகளும் அங்கே தேவைப்பட்டன. இன்று ஊருக்குள் மலைபோல் நிற்கும் சயனைடு மேடுகளில் எஞ்சிய பொன் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. அதுவும் மாவு வடிவில். அந்த மேடுகளின்மேல் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவருக்குத் துருப்பிடித்த ஆணிகளைத் தவிர வேறெதுவும் கிட்டாது.

இவ்வளவும் அறிந்தபின், பொன் திரண்டு நிற்கும் இயல்புடைய சுரங்கமொன்றில், முறையான உரிமம் பெற்று, பொறுப்புள்ள மேலாளரின் கீழ்த் தேடும் ஒருவருக்குக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லலாம். சந்தையில் பிரதானமாக இரு வகைகள் உள்ளன. முதல் வகை, வி.எல்.எஃப். என வழங்கப்படுவது, இடைவிடாத அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் காலத் தாமதத்தைக் கொண்டு இரும்பையும் பிற உலோகத்தையும் ஓரளவுக்குப் பிரித்துக் காட்டும். இரண்டாவது வகை, பல்ஸ் இண்டக்‌ஷன். துடிப்புத் துடிப்பாக மின்சாரத்தைச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்பும் நின்றபின் எஞ்சும் எதிரொலியைக் கேட்கும். இரும்புச் சத்து மிகுந்த செம்மண் நிலத்தில், பெரிய கட்டிகளை ஆழத்தில் தேடுவதற்கு இரண்டாவது வகைக்கு ஈடில்லை. 1995-ல் மைன்லேப் கம்பெனி வெளியிட்ட எஸ்.டி. 2000 என்ற கருவி ஆஸ்திரேலியப் பொன்வயல்களில் ஏற்படுத்திய மாறுதல் அத்தகையது. ஆனால் சுரங்கச் சுவருக்கு அந்த வகை பெரும்பாலும் பொருந்தாது. ஆற்றில் உருண்டு திரண்ட பொன் போலன்றி, நரம்பில் உறையும் பொன் பல சமயம் இழையிழையாகவும் தகடாகவும் கடற்பஞ்சு வடிவாகவும் படிகக்கல்லுக்குள் பின்னிக் கிடப்பதால், அதில் எழும் எதிரொலி மிக விரைவில் மங்கிவிடுகிறது; துடிப்பு நின்றபின் கேட்கத் தொடங்கும் கருவி செவி கொடுப்பதற்குள் அது மறைந்துவிடும்.

ஆகையால் சுரங்கத்துக்குள், அதிர்வெண் மிகுந்த வி.எல்.எஃப். கருவியே பொதுவில் உகந்தது என்பது என் அபிப்பிராயம். ஃபிஷர் கம்பெனியின் கோல்ட் பக் 2 என்பது 71 கிலோஹெர்ட்ஸிலும், மைன்லேப் கம்பெனியின் கோல்ட் மான்ஸ்டர் 1000 என்பது 45 கிலோஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. நாணயங்களையும் புதையல்களையும் தேடும் சாதாரணக் கருவிகள் இதைவிட மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இயங்குவதால், சிறு பொன்னை அவை தவறவிடும். ஆழம் குறையுமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. மண்ணில் தேடுகிறவன் மேலிருந்து கீழே துருவுகிறான், சுரங்கத்துக்குள் நிற்பவனோ நரம்பின் முகத்துக்கு எதிரிலேயே நிற்கிறான். ஆனால் அரிசியளவு பொன் சில சென்டிமீட்டர்களுக்குள் இருந்தால்தான் காட்டும் என்பதையும், பெருந்திரள் மாத்திரமே அடிக்கணக்கான ஆழத்திலிருந்து குரல் கொடுக்கும் என்பதையும் மறக்கலாகாது.

சுருளின் அளவும் முக்கியம். பெரிய சுருள் அதிக ஆழம் காணும் என்ற பொது விதியை நம்பி அகலமான சுருளைச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்வது வீண் பிரயாசை. நான்கு புறமும் பாறை சூழ்ந்து, காலடியில் தண்டவாளமும், தலைக்குமேல் இரும்பு வலையும், சுவரில் குழாயும் முளையாணியும் நிறைந்த இடத்தில், அகன்ற சுருள் ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் கேட்டுக் குழம்பும். ஆறங்குல அளவிலான சிறு சுருளே மூலை முடுக்குகளில் நுழையும்; இரும்புக்கு அருகிலும் தெளிவாகப் பேசும். பம்புகளுக்கும் விசிறிகளுக்கும் செல்லும் மின்கம்பிகள் எழுப்பும் இரைச்சலைத் தவிர்க்க, அதிர்வெண்ணைச் சிறிது நகர்த்தும் வசதி இருக்கவேண்டும். பாறைக்கு ஏற்பக் கருவியைச் சமன் செய்யும் வசதி, தானாக இயங்குவதாக மட்டுமன்றிக் கையால் திருத்தத்தக்கதாகவும் இருப்பது நலம். ஏனெனில் ஒரே சுரங்கத்தில் பத்தடிக்குள் கல்லின் சுபாவம் மாறும். பிர்ரோடைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமமும், கிராஃபைட்டும், மேக்னடைட்டும் பொய்யான ஓசையை எழுப்பி மனத்தை ஏமாற்றும். அந்த ஓசைக்கும் பொன்னின் ஓசைக்கும் உள்ள பேதத்தைப் பழக்கத்தால்தான் அறியமுடியும்.

ஆகவே எந்தக் கருவியையும் விலை கொடுத்து வாங்குமுன், எந்தச் சுரங்கத்தில் தேடப்போகிறோமோ அதே சுரங்கத்தின் கல்லில், பொன் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்த ஒரு துண்டையும், இல்லாததாகத் தெரிந்த ஒரு துண்டையும் கொண்டுவரச் சொல்லி, மரப்பலகை ஒன்றின்மீது வைத்து, விற்பவரின் கண்ணெதிரிலேயே கருவியைப் பிடித்துப் பார்க்கவேண்டும். இரண்டுக்கும் பேதம் காட்டாத கருவி அந்தச் சுரங்கத்துக்குரிய கருவி அல்ல. வேறு எந்தச் சுரங்கத்தில் அது புகழ் பெற்றிருந்தாலும் சரியே. பொன் இருக்கும் துண்டுக்கே எந்தக் கருவியும் பேசாவிடில், அது நுண்பொன் கல் என்பது வெளிப்படை. அங்கே மெட்டல் டிடெக்டருக்குச் செலவிடும் பணத்தை மாதிரிக் கற்களின் ரசாயனப் பரிசோதனைக்குச் செலவிடுவதே விவேகம். திரள்பொன் கல்லாக இருந்தாலுங்கூட, ஆழத்தில் இறங்கிச் சுவரைத் தடவுவதைவிட, முன்பே வெட்டி வெளியே கொட்டிய கற்குவியலை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகச் சுருளின்மேல் கடத்திப் பார்ப்பது பத்திரமான வழி. பலன் தரும் வழியும் பல சமயம் அதுவே.

இங்கே வேறொரு வகையையும் பெயர் சொல்லிக் கண்டிக்காமல் இருக்கமுடியாது. கைப்பிடியும் ஆண்டெனாக்களும் உடையதாய், கிலோமீட்டர் கணக்கான தூரத்திலிருந்தே பொன்னின் திசையைக் காட்டும் என்று கூறி விற்கப்படும் சாதனங்களுக்கு எவ்விதமான விஞ்ஞான ஆதாரமும் இல்லை. இவற்றுக்கு உடன்பிறந்த ஏ.டி.இ. 651 என்ற போலிச் சாதனம், வெடிகுண்டுகளைக் காட்டும் என்ற பெயரில் ஈராக் முதலிய தேசங்களுக்குப் பெரும் விலைக்கு விற்கப்பட்டது. அதை விற்ற ஆங்கிலேயருக்கு 2013-ல் லண்டன் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அதற்குள் அந்தச் சாதனத்தை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்களுக்கு நேர்ந்த அபாயத்தை நினைத்துப் பார்த்தால், இத்தகைய வியாபாரத்தை விளையாட்டாக எண்ண மனம் வராது.

கருவியைப் பற்றிய இவ்வளவு பேச்சுக்கும் மேலான விஷயம் ஒன்று உண்டு. கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் செல்பவனுக்கு முதலில் வேண்டிய கருவி உலோகத்தைக் காட்டுவது அல்ல, காற்றைக் காட்டுவது. நல்ல காற்றில் பிராணவாயு 20.9 சதவீதம் இருக்கவேண்டும், 19.5-க்குக் கீழே இறங்கினால் அபாயம் என்று சுரங்கத் துறையினர் வரம்பு வைத்திருக்கிறார்கள். பழைய சுரங்கத்தில் மக்கிப்போகும் மரத்தாங்கிகளும், காற்றோடு கலந்து மாறும் கந்தகக் கனிமங்களும் பிராணவாயுவை மெல்ல மெல்லக் குடித்துவிடுகின்றன. கரியமில வாயு கனமுடையதாதலால் தாழ்வான இடங்களில் தேங்கிக் கிடக்கிறது. அதற்கு நிறமில்லை, பிராணவாயு குறைந்த காற்றுக்கு மணமும் இல்லை. 2020-ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலின் மூடப்பட்ட சுரங்கமொன்றில் திருட்டுத்தனமாக இறங்கியவர்களில் சிலர் மூச்சுத் திணறி மாண்ட செய்தி நாளிதழ்களில் வந்தது. காற்று மாத்திரமல்ல: நீர் நிறைந்த கிணறுகளின்மேல் போட்ட பலகைகள் உளுத்துக் கிடக்கும், கூரைக்கல் ஒரு சிறு அதிர்வுக்கும் விழக் காத்திருக்கும், வெடிக்காமல் துளையில் தங்கிப்போன மருந்துகள் இருக்கக்கூடும், மெட்டல் டிடெக்டர் ஓசையெழுப்பியது என்று உளி வைக்கும் இடத்தில் இருப்பது பொன்னாகவும் இருக்கலாம், பழைய வெடிமருந்தின் உலோகத் தொப்பியாகவும் இருக்கலாம். இரு காதுகளையும் மூடும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டவனுக்குப் பாறை விரிசல் விடும் சத்தமும், துணைவன் எச்சரிக்கும் குரலும் கேளாமற் போவதால், ஒரு காதைத் திறந்து வைத்திருப்பது உரிமம் பெற்ற சுரங்கத்திலுங்கூடக் கட்டாயமாகக் கைக்கொள்ள வேண்டிய வழக்கம்.

சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி, உரிமம் இன்றிக் கனிமம் தேடுவதும் எடுப்பதும் குற்றம். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் இதற்கு ஐந்தாண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. விக்டோரியாவில் சிறு கட்டணம் செலுத்திப் பத்தாண்டுகளுக்குரிய உரிமச் சீட்டு ஒன்றைப் பெற்றுக்கொண்டு, அனுமதிக்கப்பட்ட நிலங்களில் பொழுதுபோக்காகப் பொன் தேட எவருக்கும் உரிமை உண்டு. அந்தத் தேசத்தின் படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அந்தச் சீட்டுக்கு ஈடான ஏற்பாடு நம் தேசத்தில் இல்லை என்பதைச் சேர்த்தே அறியவேண்டும்.

வறுமையும் வேலையின்மையும் ஒருவனைச் சுரங்கத்துக்குள் துரத்தும்போது அவனை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. தங்கவயலில் நூற்றிருபது ஆண்டுகள் உழைத்த குடும்பங்களின் வாரிசுகள், சுரங்கம் மூடியபின் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குச் செல்கிறார்கள். தேவாலாவின் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் வருமானம் எத்தகையது என்பதும் எல்லோரும் அறிந்ததே. எனவே மூன்று காரியங்களைச் செய்யவேண்டிய பொறுப்பு அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு உண்டு. முதலாவது, பழைய சுரங்க வாய்களையும் கிணறுகளையும் அறிவிப்புப் பலகையோடு நிறுத்திவிடாமல் உறுதியாக அடைக்கவேண்டும். இரண்டாவது, மெட்டல் டிடெக்டர் விற்பவர், எந்த அளவுப் பொன்னை எவ்வளவு தூரத்தில் தம் கருவி காட்டும் என்பதையும், பாறைக்குள் பரவிய நுண்பொன்னைக் காட்டாது என்பதையும் பெட்டியின்மீதே தமிழிலும் பிற தேச பாஷைகளிலும் அச்சிடும்படி விதி செய்யவேண்டும். மூன்றாவது, பொன் வட்டாரத்துப் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் கல்லின் ஞானத்தைக் கற்பித்து, அந்த இளைஞர்களுக்கே கனிம ஆய்வுப் பணிகளில் முன்னுரிமை தரவேண்டும்.

வாங்க எண்ணியிருக்கும் வாசகர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். உங்கள் ஊர்க் கல்லில் இருப்பது திரள்பொன்னா நுண்பொன்னா என்பதை முதலில் ஒரு பரிசோதனைச் சாலையில் கேட்டறியுங்கள். நுண்பொன் என்றால் மெட்டல் டிடெக்டருக்கு ஒரு ரூபாயும் செலவிடாதீர்கள். திரள்பொன் என்றால், உரிமமும், காற்றளவு காட்டும் கருவியும், அனுபவமுள்ள துணையும் கைக்கு வந்தபின், அந்தக் கல்லுக்கு முன்னால் பேசிக் காட்டிய கருவியை மட்டும் வாங்குங்கள். கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் மாத்திரம், எந்தக் கருவியோடும், எந்தக் காரணத்துக்காகவும், தயவுசெய்து இறங்காதீர்கள்.